பதினொன்றாம் நம்பர் ட்ராமில் பருப்புச் சாதம்

ஜனவரி 9, வியாழன்

கோவில்பட்டியிலிருந்து வந்த பார்சலில் கடலைமிட்டாய்க்கு அடியில் இந்த டைரி கிடந்தது. அட்டையில் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம். ஜெர்மனியில், லைப்சிக்கில் உட்கார்ந்துகொண்டு ராகுகாலம் பார்த்து நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்? வீணாகப் போகிறதே என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இன்றைக்கும் செழியனுக்கு ட்ராமில்தான் சாப்பாடு. இரண்டு வயது ஆகப் போகிறது, வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்தால் வாயைப் பூட்டிக்கொள்வான். பதினொன்றாம் நம்பரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். "அந்தா பாரு நாய், ஆ காட்டு!" ஒரு வாய். "அந்தா பாரு சைக்கிள் மாமா!" இன்னொரு வாய். எதிரே வேறு ட்ராம் வந்துவிட்டால் இரண்டு வாய் சேர்ந்தே போகும். ட்ராமுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் டிங்டிங். கடைசி நிறுத்தம் போய்த் திரும்புவதற்குள் டப்பா காலி. ஊரில் நிலாவைக் காட்டி ஊட்டுவார்கள். இங்கே சாயந்தரம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது, நிலாவைத்தான் காணோம்.

இந்த ஊர் ட்ராமில் கண்டக்டர் கிடையாது. அதனால் ஏறுகிறவர்கள் எல்லாருமே கண்டக்டர். இன்று தொப்பி போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து, "இது சாப்பாட்டு அறை இல்லை" என்றார். ஒரு பருக்கை விழுந்தாலும் நானே பொறுக்கிவிடுவேன் என்று ஜெர்மனில் சொல்ல நினைத்தேன். வாக்கியம் கூடி வருவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார்.

முக்கியமான சேதியை எழுதவில்லையே. மார்ச் மூன்றாம் தேதி எனக்கு வேலை. இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை லேபில். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் லேபில் இருந்தவள், இங்கே வந்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறேன். நேர்காணலில் அந்த அம்மாள் பேசியது பாதி புரியவில்லை, சிரித்துத் தலையாட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். மொழியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என் கவலை ஒன்றே ஒன்றுதான். நான் வேலைக்குப் போய்விட்டால் செழியன் எப்படிச் சாப்பிடுவான்?

ஜனவரி 13, திங்கள்

செழியனைக் காப்பகத்தில் சேர்த்தோம். கிட்டா என்கிறார்கள். சேர்த்தோம் என்றால் விட்டுவிட்டு வந்துவிட முடியாது. முதலில் அம்மாவும் கூட உட்கார வேண்டும், அப்புறம் கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டும், அப்புறம் பிள்ளை அங்கேயே மதியம் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால்தான் அங்கேயே தூங்கலாம். சாப்பிடாத பிள்ளையை அம்மா வந்து கூட்டிப் போய்விட வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை சடங்கு இல்லை.

அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் பிர்கிட். நரைத்த குட்டை முடி, பெரிய கை. என்னை முழங்கால் உயர நாற்காலியில் மூலையில் உட்காரவைத்து, "நீங்கள் இங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி மாதிரி. கூப்பிடக் கூடாது, விளையாட்டுக் காட்டக் கூடாது" என்றார். சரி, நாற்காலி மேல் ஒரு நாற்காலி. செழியன் ஒரு மர லாரியை உருட்டிக்கொண்டு போனான். என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தரம் பார்ப்பான் என்று காத்திருந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

குக்கரில் பொங்கல். சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்று இவர் சொன்னதால் "பொங்கலோ பொங்கல்" காதோடு காதாகச் சொல்லிக்கொண்டோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர் குருபரன், கார்க் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவர்.

ஜனவரி 18, சனி

சனிக்கிழமை என்றால் சுகந்தி மதினிக்கு வீடியோவில் பிள்ளையைக் காட்ட வேண்டும். இவருடைய அக்கா, ஆரம்பப் பள்ளியில் எச்.எம். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிதான் பிள்ளையைப் பார்ப்பார்.

"ஏட்டி இந்து, சட்டையத் தூக்கிக் காட்டு. அய்யய்யோ, எலும்பு தெரியுதே! என்னத்தட்டி போடுத புள்ளைக்கு?"

"நல்லாத்தான் சாப்பிடுதான் மதினி."

"நல்லா சாப்பிடுதவன் இப்படியா இருப்பான்? போன மாசம் கன்னம் ரெண்டும் பொம்முன்னு இருந்துச்சு. நீ வேலைக்குப் போகணும்னு நெனச்ச, புள்ள பாதி ஆயிட்டான்."

இவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனை வைத்ததும் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்து, குளிரோடு குளிராகப் பிள்ளையை ட்ராமுக்குத் தூக்கிப் போனேன்.

ஜனவரி 22, புதன்

இன்று முதல் முறையாக என்னை வெளியே அனுப்பினார்கள். வேலியோரம் புதருக்குப் பின்னால் நின்றேன். பனி கொட்டியது. அழுகைச் சத்தம் கேட்டால் ஓடுவதற்கு வசதியாக ஷூ கயிற்றைக்கூட இறுக்கிக் கட்டியிருந்தேன். சத்தம் வரவில்லை.

உள்ளே போனதும் பிர்கிட், "அழவே இல்லை, அருமை!" என்று கட்டைவிரலைக் காட்டினார். அருமையாம். அதிர்ச்சியில் பிள்ளைக்கு அழுகை அடைத்துப்போயிருக்கும், பெற்றவளுக்குத் தெரியாதா? திரும்பி வரும்போது கேட்டேன், "அம்மா இல்லாம அழுதியா செல்லம்?" ஜன்னலைப் பார்த்து "டிங்டிங்" என்றான். இன்னொரு தரம் கேட்டேன். அதற்கும் டிங்டிங். பாவம், சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 29, புதன்

கிட்டாவில் முதல் மதியச் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கு, கீரை மசியல், முட்டை. இரண்டு வயதுகூட ஆகாததுகள் ஆளுக்கொரு கரண்டியைப் பிடித்து, மூஞ்சியெல்லாம் கீரையைப் பூசிக்கொண்டு தானாகத் தின்கின்றன. செழியன் கரண்டியால் மேசையில் தாளம் போட்டான். உருளைக்கிழங்கை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் வைத்து தர்மப் பிரபு ஆனான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வெறும் வயிற்றோடு அனுப்ப நான் என்ன ராட்சசியா? வருகிற வழியில் ட்ராமிலேயே மூன்று இட்லியும் ஒரு முட்டையும் ஊட்டித்தான் கூட்டிவந்தேன். பிறகு பத்தரைக்குக் கை கழுவும் அறையில் யாரும் பார்க்காதபோது ஒரு வாழைப்பழம். அதற்கு மேலும் அந்தச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் அது எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்!

பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கையாலேயே பிசைந்து, "அந்தா பாரு, வெளிய குருவி!" என்றேன். ஆ காட்டினான். பிர்கிட் வந்து என் தோளைத் தொட்டார்.

"இந்து, தயவுசெய்து உட்காருங்கள். பசித்தால் சாப்பிடுவான்."

பசிக்கிறவரை விடுவதா? எங்கள் ஊரில் பிள்ளையைப் பசிக்க விட்டால் அந்த அம்மாவுக்குப் பெயரே வேறு. அவரிடம் சொல்லவில்லை. நாற்காலி பேசக் கூடாது அல்லவா.

பிப்ரவரி 5, புதன்

டாக்டரிடம் காட்டினேன். எடை சரி, உயரம் சரி, நன்றாக இருக்கிறான் என்றார் டாக்டரம்மா. பிறகு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் என்னை எதற்குக் கேட்க வேண்டும்?

கிட்டாவில் இன்றும் சாப்பிடவில்லை. பதினொன்றரைக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒரு மணிக்கே செழியன் தூங்கிவிட்டான். துணி மடித்தேன். ஹீட்டர் மேல் காயப்போட்ட குட்டிக் காலுறையில் ஒன்றைக் காணோம், மெத்தைக்கு அடியில் கிடந்தது. ரசத்துக்குப் புளி ஊறவைத்தேன். இரண்டு மணிக்கு லேபிலிருந்து போன் வந்தது. அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே மின்னஞ்சல். இந்த மாதக் கடைசிக்குள் வருவதை உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாயந்தரம் இவரிடம் காட்டினேன்.

"போன ஏன் எடுக்கல?"

"செழிக்கு ஊட்டிக்கிட்டிருந்தேன்."

போனை வாங்கி, அழைப்பு வந்த நேரத்தைப் பார்த்தார்.

"இந்து, உனக்குப் போகப் பிடிக்கலைன்னா போகவேண்டாம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அதப் பிள்ளை தலையில போடாத."

"யாருக்குப் பிடிக்கல? மூணு வருசமா இந்த நாலு சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்கா பிடிக்கல?"

"அப்போ காலையில ட்ராம்ல ஊட்டாம ஒரு நாள் அனுப்பிப் பாரு."

பெற்ற தகப்பன் பேசுகிற பேச்சா இது? ரசம் தாளிக்கப் போனேன். கடுகு கருகிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வேலைக்கு வர முடியாது, மகன் சாப்பிடுவதில்லை என்று லேபுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். ஜெர்மனில்தான். ஒரு பிழை கிடையாது. இன்னும் அனுப்பவில்லை. "ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா சரிப்படாது" என்று இவர் பக்கத்து நாட்டுப் பிராகுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார். "நாலு நாள் போயிட்டு வருவோம். வந்து ஒன் இஷ்டப்படி முடிவு பண்ணு."

வந்ததும் அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரி 20, வியாழன், பிராக்

பெட்டியில் குட்டி ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்பு, நெய், வற்றல், பூண்டு, அஞ்சறைப் பெட்டியில் பாதி. இவர் பார்த்துவிட்டு, "பிராகுக்குப் போறமா, குத்தாலத்துக்குப் போறமா?" என்றார். பிள்ளை பட்டினி கிடந்தால் உங்கள் பிராக் சோறு போடுமா என்று கேட்டேன். குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

ரயில் ஆற்றோரமாகவே வந்தது. தண்ணீர், பாறை, படகு, பாலம். வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு டப்பா சாதமும் எல்லை தாண்டுவதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டது. இப்படியே ரயிலில் குடியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இவரும் நன்றாகப் பேசினார். ஹோட்டல் ஜன்னலில் நின்றால் தெருவில் சிவப்பு ட்ராம் போகிறது. செழியன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 22, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பகலெல்லாம் கோட்டை, பாலம் என்று சுற்றினோம். செழியன் இடுப்பை விட்டு இறங்கவில்லை, வெளியில் எதையும் வாயில் வைக்கவில்லை. காலையில் சாப்பிட்டதுதான். சாயந்தரம் ஆறு மணிக்கு அறைக்கு வந்ததும் குக்கரில் சாதம் வைத்தேன். சாதத்தை டப்பாவில் மாற்றிவிட்டு, அதே பாத்திரத்தில் ரசத்துக்குத் தாளித்தேன். அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் படம் போட்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு வாய் ரசம் வைப்பது சமையலா என்று நினைத்துக்கொண்டேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். செழியன் கட்டிலுக்குப் பக்கத்தில் என் செருப்பை ட்ராம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மிளகாய் வற்றல் கமறியது. அறையெல்லாம் புகை, செழியனுக்குத் தும்மல். ஜன்னல் ஒரு விரல்கடைக்கு மேல் திறக்கவில்லை. வீட்டில் என்ன செய்வோம்? வாசல் கதவைத் திறந்துவிடுவோம். திறந்தேன். துண்டால் விசிறிப் புகையை வெளியே தள்ளினேன். வராந்தாவில் இருந்த அலாரம் அலறியது. ஒரு மாடி இல்லை, மொத்த ஹோட்டலும் அலறியது.

இவர் குளியலறையிலிருந்து லுங்கியும் ஈரத் தலையுமாக ஓடி வந்தார். "என்னாச்சு? தீயா?" "தீயில்ல, வத்தல்!" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தீ இல்லை என்று சொல்லக் கீழே ஓடினார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மானம் போகிறதே என்றுதான் தோன்றியது. குக்கர் வயரைப் பிடுங்கி, பாத்திரத்தை ஈரத் துண்டில் சுற்றி, அலமாரிக்குள் துணிக்கு அடியில் ஒளித்தேன். திரும்பினால் அறையில் யாரும் இல்லை. பிள்ளையை அவர் தூக்கிப் போய்விட்டார் என்று நினைத்து நானும் படியில் இறங்கினேன்.

கீழே முற்றத்தில் பனியில் கூட்டம். குளிர்கால அங்கிகளுக்கு நடுவே ஒரே ஒரு லுங்கி. அவர் கை வெறுமையாக இருந்தது.

"செழி எங்க?"

"நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க?"

"நானா? நான் வரும்போது அவன் ஒங்கிட்டதான இருந்தான்!"

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கையில் சாத டப்பா இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது முழுசாக நினைவில்லை. இவர் படிக்கு ஓடினார், தீயணைப்புக்காரர்கள் மறித்தார்கள், இவர் அவர்களைத் தள்ளினார். நான் கத்தினேன். தமிழில்தான் கத்தியிருக்கிறேன். மூன்று வருடம் படித்த ஜெர்மனும் போச்சு, இங்கிலீஷும் போச்சு. "எம்புள்ள, எம்புள்ள" என்று ஒவ்வொருவர் கோட்டையும் பிடித்து இழுத்தேன். ஒரு பெண் நான் என்ன கேட்கிறேன் என்று புரியாமல் எனக்குப் போர்வை போர்த்தினாள். பிறகு கையைத் தாழ்த்தி, இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவள் முகம் மாறியது. தெருவுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைக் கை நீட்டினாள்.

ஓடினேன். கடை ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே, ஜன்னலோர மேசையில் செழியன். காலையில் எங்களுக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மீசைக்காரர், வராந்தாவில் தனியாக நின்றவனைத் தூக்கி வந்திருக்கிறார். அவருடைய கோட்டுக்குள் சுருட்டி வைத்த மாதிரி பிள்ளை. முன்னால் ஒரு கிண்ணம் சூப்பு, தட்டில் குட்டிக் குட்டியாக அவித்த மாவு உருண்டைகள். அவர் அவனைப் பார்க்கக்கூட இல்லை, யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். செழியன் ஓர் உருண்டையை எடுத்தான், சூப்பில் தோய்த்தான், வாயில் வைத்தான். மென்றான். அடுத்ததை எடுத்தான். யாரும் ஊட்டவில்லை. யாரும் வேடிக்கை காட்டவில்லை. தாடையெல்லாம் சூப்பு.

கும்பிட்டு விழ வேண்டிய நேரம் அது. கும்பிட்டேன், சத்தியமாகக் கும்பிட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே எனக்கு வயிறு எரிந்தது. நான் இல்லாமல் சாப்பிடுகிறானே என்று எரிந்தது. கண்ணாடிக்கு வெளியே பனியில் டப்பாவோடு நின்றேன். கூப்பிடவில்லை.

அவன்தான் பார்த்தான். "அம்மா!" என்று தட்டை விட்டு எழுந்தான். உள்ளே ஓடி மண்டிபோட்டு அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுதேன். மீசைக்காரர் ஏதோ சொல்லி என் முதுகில் தட்டினார். செழியன் என் முகத்தை நிமிர்த்தினான். கையில் ஓர் உருண்டை.

"அம்மா, ஆ."

எனக்கு எங்கே வாய் திறக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஜன்னல் பக்கம் விரலை நீட்டினான்.

"அந்தா பாரு! டிங்டிங்!"

திரும்பிப் பார்த்தேன். தெருவில் நிஜமாகவே ஒரு சிவப்பு ட்ராம் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வாயில் உருண்டையைத் திணித்துவிட்டான். உப்புச் சப்பு இல்லாத மாவு. விழுங்கினேன். இன்னொன்றை எடுத்தான். இவர் வாசலில் லுங்கியோடு நின்று, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பிப்ரவரி 24, திங்கள்

லைப்சிக் திரும்பிவிட்டோம். காலையில் கிட்டாவுக்குப் போகும்போது ட்ராமில் டப்பாவை எடுக்கவில்லை. செழியன் என் பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொலை செய்கிற மாதிரி இருந்தது.

மதியம் உருளைக்கிழங்கு, மீன். இன்னும் கொடு என்று தட்டை நீட்டினானாம். அங்கேயே தூங்கியும்விட்டான். கூட்டிவரப் போனபோது பிர்கிட் கட்டைவிரலைக் காட்டவில்லை, என்னைக் கட்டிப்பிடித்தார். இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்றார். அதுவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பதினொன்றாம் நம்பரில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன்.

பழைய மின்னஞ்சலை அழித்துவிட்டு, வருகிறேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். அதில் மூன்று பிழை என்று இவர் அப்புறம் சொன்னார்.

மார்ச் 1, சனி

"வத்தலத் தாளிச்சு அந்த ஊரையே தும்ம வச்சியாமே?" என்றார் சுகந்தி மதினி. இவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், செழியன் காணாமல் போனதைத் தவிர. சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னபோது, "அவன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான் மதினி, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். நிஜமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாதி தரையில், மீதி தலையில்.

மார்ச் 3, திங்கள்

லேபில் காலையிலிருந்து அவர்கள் பேசியதில் கால்வாசிதான் புரிந்தது. ஒரு ரத்த மாதிரியின் எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், பக்கத்துப் பெண் கடைசியில் எழுதிக் காட்டினாள். கழிப்பறையில் போய் நின்று ஒரு மூச்சு அழுதேன். நான் பயந்துபோயிருக்கிறேன். ரொம்ப நாளாகவே பயந்துபோய்த்தான் இருக்கிறேன்.

மதியம் எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். நடு மேசையில் எனக்கு இடம் விட்டார்கள். டப்பாவைத் திறந்தேன், பருப்புச் சாதம். எல்லாரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை சாதத்திலேயே நின்றது, வாய் திறக்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது மாடி, கீழே தெரு, தெருவில் தண்டவாளம். எண்ணை எழுதிக் காட்டிய பெண் தன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து, "அங்கே என்ன பார்க்கிறீர்கள்?" என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். முழுசாகப் புரிந்தது.

"ட்ராம்" என்றேன்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பதினொன்றாம் நம்பர் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டேன்.